இருபத்தெட்டு வரிசை

என் நாட்குறிப்பில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஒன்பது வரிகள் இருக்கின்றன. அவற்றில் எட்டு வரிகளை அறிக்கையில் சேர்த்தேன். ஏழாவது வரியைச் சேர்க்கவில்லை. என்ன அறிக்கை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மலேசியாவில், கோல சிலாங்கூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிராணி, எழுத்து வேலை. பின்னல் ஊசி பிடித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கம்பளி நம் ஊருக்கு ஆகாது என்பதால் பருத்தி நூலிலும் மூங்கில் நூலிலும்தான் பின்னுகிறேன். என்னைப் போன்ற தமிழ்ப் பெண்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் எங்கள் பேட்டர்ன்களை நாங்களே எழுதுகிறோம். ஊசியில் எத்தனை கண்ணி போட்டுத் தொடங்குவது, எந்த வரிசையில் கூட்டுவது, எங்கே குறைப்பது என்று வரிக்கு வரி எழுதித் தருவதுதான் பேட்டர்ன். வெளிநாட்டுப் பேட்டர்ன்களில் 'கோடைக்கு ஏற்றது' என்று போட்டிருப்பார்கள். அவர்களுடைய கோடை எங்கள் டிசம்பர் மழைநாளைவிடக் குளிர்ச்சியானது. அதை நம்பி முழுக்கைச் சட்டை பின்னி, போட்டுக்கொண்டு பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போய், முதுகெல்லாம் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தவர்கள்தான் எங்கள் குழுவில் பாதிப் பேர்.

ஒரு பேட்டர்ன் வெளியாவதற்கு முன் குழுவில் ஒருவர் அதை அப்படியே பின்னிப் பார்த்து, எல்லோரும் படிக்கும்படி அறிக்கை போட வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான். அறிக்கைக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தை உண்டாக்கியதும் நான்தான். கண்ணிக் கணக்கு சரியா, துவைத்தபின் அளவு மாறுகிறதா, காய எத்தனை மணி நேரம் ஆகிறது, ஒரு மணி நேரம் வெளியில் போட்டு நடந்தால் எங்கே ஒட்டுகிறது என்று போகும். கடைசிக் கேள்வி: பாஸா, இல்லையா. குழுவில் என்னை 'இன்ஸ்பெக்டர் அக்கா' என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

சென்ற வருடம் குழுவில் ஒரு சிறு புத்தகம் அச்சிட முடிவு செய்தோம். வெயில் காலத்துக்கான பத்துப் பேட்டர்ன்கள். எங்களில் யாருடைய பேட்டர்னும் அதுவரை அச்சில் வந்ததில்லை. ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்யும் குழுத் தங்கை ஒருத்தி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். ஒன்பது தேறிவிட்டன. பத்தாவதாகச் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு பெண் தன் பேட்டர்னை அனுப்பியிருந்தாள்.

அவளுக்கு இருபத்தேழு வயது. சபாக்கில் ஒரு கிளினிக்கில் முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளின் பெயரைப் பதிகிறவள். அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற வேலை. குழுவில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதிகம் பேசமாட்டாள். ஆனால் இதற்கு ஒரு மாதம் முன்பு, நான் பாஸ் போட்டிருந்த ஒரு பேட்டர்னில் கைப்பகுதியில் இரண்டு கண்ணி உதைக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். 'ஆண்ட்டி, நான் தப்பா எண்ணியிருக்கலாம், ஒரு தடவ பாக்குறீங்களா?' என்று பணிவாகத்தான் கேட்டிருந்தாள். பார்த்தேன். அவள் சொன்னது சரி. 'இன்ஸ்பெக்டருக்கே இன்ஸ்பெக்டரா!' என்று யாரோ எழுதினார்கள். பதினொரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பதினொன்று என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எண்ணியிருக்கிறேன்.

அவளுடைய பேட்டர்ன் ஒரு பச்சைச் சட்டை. கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னிக்கொண்டே வரும் வகை. கை குட்டை. அக்குளுக்குக் கீழே காற்றுப் போக ஒரு பட்டை அளவுக்குத் துளைப் பின்னல். நல்ல யோசனை. கணக்கைச் சரிபார்த்தேன். ஓர் அங்குலத்துக்கு எட்டு வரிசை, அக்குளிலிருந்து கீழ் விளிம்பு வரை நூற்றுப் பன்னிரண்டு வரிசை, ஆகப் பதினான்கு அங்குலம். சரியென்று அடையாளமிட்டேன். மாதிரிக்கு உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று பின்னித் துவைத்து அளந்தேன். அதுவும் எட்டு. ஐந்து வாரத்தில் சட்டையை முடித்தேன்.

பருத்திப் பின்னல் தண்ணீரில் நனைந்தால் கனக்கும். அதனால் அதைத் தொங்கவிடக் கூடாது. துவாலையில் பரப்பி, நிழலில் காயவைக்க வேண்டும். இது எங்கள் தொழிலில் முதல் பாடம். அந்தச் செவ்வாய் காலை ஆறரைக்குச் சட்டையைத் துவைத்து, பின்னறைக் கட்டிலில் துவாலை விரித்துப் பரப்பிவிட்டு வேலைக்குப் போனேன். மாலை நாலு ஐம்பதுக்குத் திரும்பி வந்தபோது வைத்த இடத்திலேயே இருந்தது. காய்ந்திருந்தது. நாட்குறிப்பின் ஆறாவது வரி: 'மாலை 4.50, முழுதும் காய்ந்துவிட்டது. எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய ஒரு நாள் முன்பே.' ஏழாவது வரி: 'வெயில் வாசனை.'

எட்டாவது வரியில் அளவுகள் இருக்கின்றன. அக்குளுக்குக் கீழே நீளம் பதினேழரை அங்குலம். அகலம் ஓர் அங்குலம் குறைவு. ஒன்பதாவது வரி: 'தோள்பட்டையில் நாலு இடத்தில் சிறு புடைப்பு.'

இப்போது படித்தால் ஒரு குழந்தைக்கும் புரியும். அன்று எனக்குப் புரியவில்லை என்று எழுத என் பேனா போகிறது. ஆனால் அது முழு உண்மை இல்லை. அந்த வாசனையை முகர்ந்தபோது மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. வீட்டில் பகலெல்லாம் இருப்பவர் என் கணவர் ஒருவர்தான். முன்கூடத்தில் நாளிதழோடு உட்கார்ந்திருந்தார். பத்தடி நடந்து கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். 'வடிவமைப்பாளர் நூலின் கனத்துக்கு இடம் விடவில்லை. துவைத்தபின் சட்டை மூன்றரை அங்குலம் இறங்குகிறது. தோளில் கூட்டல் சரியாக அமையாமல் புடைத்து நிற்கிறது. விரைவாகக் காய்கிறது, அது ஒன்றே பாராட்டத்தக்கது. பாஸ் இல்லை.'

குழுவில் போட்டுப் பத்து நிமிடத்தில் அவள் கேட்டாள்: 'ஆண்ட்டி, கோவிச்சுக்காதீங்க. காய வச்சப்போ படுக்க வச்சீங்களா, கம்பியில போட்டீங்களா?'

'நீ பொறக்குறதுக்கு முன்னாடி இருந்து துணி காயப்போடுறேன்மா. இந்தக் கேள்விய என்கிட்ட கேக்குற அளவுக்கு வந்துட்டியா?' என்று எழுதினேன்.

'செம அடி லா!' என்றார் ஒருவர். 'பாப்பா, இன்ஸ்பெக்டர்கிட்டயேவா?' என்றார் இன்னொருவர். சிரிப்புப் பொம்மைகள் வந்தன. அன்று எண்ணவில்லை.

அரை மணி கழித்து அவள் எழுதினாள்: 'சாரி ஆண்ட்டி. என் கணக்குதான் தப்பா இருக்கும். மாத்திட்டு அனுப்புறேன்.'

நாலு நாளில் மாற்றி அனுப்பினாள். நூற்றுப் பன்னிரண்டு வரிசை எண்பத்து நாலாகியிருந்தது. நான் சொன்ன மூன்றரை அங்குலத்தை எட்டால் பெருக்கி, இருபத்தெட்டு வரிசையை வெட்டியெடுத்திருந்தாள். நான் ஒரு முறை பின்னிவிட்டதால், இந்த முறை புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்யும் ஒரு சகோதரி பின்னட்டும் என்று முடிவானது. அவர் கை வேகம். மூன்றே வாரத்தில் முடித்து, போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று படம் பிடித்துக் குழுவில் போட்டார். சட்டை இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது. இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பிடித்திருந்தார்.

'இது எனக்கா, என் சின்ன மகளுக்கா லா?' என்று கீழே எழுதியிருந்தார்.

'காத்தோட்டமா இருக்குமே!'

'தொப்புளுக்கும் வெயில் படட்டும் விடுங்கக்கா.'

'மொத தடவ கவுனு, இப்ப ஜாக்கெட்டு. பாப்பா டேப்ப மாத்தும்மா.'

அன்று மாலையே ரவாங் தங்கை என்னைக் கூப்பிட்டாள். 'அக்கா, பத்தாவது பக்கம் காலியா நிக்குது. பிரிண்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு. உங்க கையில்லாத சட்ட ஒன்னு இருக்குல்ல, அதப் போட்டுடலாமா?' என்றாள்.

'போடுலா' என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அதன்பிறகு கைப்பேசியோடு முன்கூடத்துக்குப் போனேன். மனத்தில் ஒரு நிறைவு இருந்தது. புஞ்சாக் ஆலாம் சகோதரியின் படத்தைக் கணவரிடம் காட்டினேன். அவர் செம்பனை ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். பின்னலைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

'பாருங்க, கணக்கு தெரியாம பேட்டர்ன் எழுதுனா இப்படித்தான்' என்றேன்.

கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். 'இது நீ பின்னுன பச்ச சட்ட மாதிரி இல்ல? அது நல்லா நீளமாதான இருந்துச்சு. கம்பியில போட்டப்போ இன்னும் நீளமா தொங்குச்சே.'

'எந்தக் கம்பியில?'

'பின்னாடிதான். அன்னைக்கு நல்ல வெயிலு. நீ என்னமோ சட்டைய கட்டில்ல படுக்க வச்சுட்டுப் போயிட்ட. மெத்த ஈரமாவுதேன்னு எடுத்து கம்பியில போட்டேன். காத்துல பறந்துடப் போவுதுன்னு தோள்ல ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு கிளிப்பு கூட போட்டேன்லா.'

'அப்புறம் ஏன் திரும்ப கட்டில்ல வச்சீங்க?'

'மூனு மணிக்கு இருட்டிக்கிட்டு வந்துச்சு, எடுத்தேன். வச்ச எடத்துல இல்லன்னா நீ கத்துவ. அதான் வச்ச மாதிரியே வச்சுட்டேன்.' என் முகத்தைப் பார்த்தார். 'ஏன், கெட்டுப் போச்சா?'

அவர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவர். வெளியே வெயில் அடிக்கும்போது துணியை வீட்டுக்குள் காயவைப்பதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. என்மேல் அன்பு இருந்ததால்தான் எடுத்துப் போட்டார். எனக்குப் பயந்துதான் திரும்ப வைத்தார். அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை.

எழுந்துபோய் நாட்குறிப்பை எடுத்தேன். பின்பக்கமாகப் புரட்டினேன். வெயில் வாசனை என்று என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. அவள் குழுவில் கேட்ட கேள்வி அதே கேள்வி. நாற்பது பேர் முன்னிலையில் கேட்டாள். அப்போதும் நான் பத்தடி நடக்கவில்லை.

அடுத்த ஒன்பது நாளும் நாட்குறிப்பில் மழை, வேலை, சமையல், அலுவலகத்தில் கணினி பழுது என்று எல்லாம் இருக்கிறது. சட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் தெரிந்தே ஒன்றை எழுதாமல் விட்டது அந்த ஒன்பது நாள்தான். குழுவில் புத்தகத்தின் அட்டைப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்தாவது பக்கத்தில் என் கையில்லாத சட்டை இருந்தது.

பத்தாம் நாள் ஞாயிறு. ரவாங் தங்கையிடம் அவள் முகவரியை வாங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு சுங்கை ஆயர் தாவாருக்குப் போனேன். வழியில் செகிஞ்சானில் நெல்வயல் பார்க்க வந்த சுற்றுலா வண்டிகளின் நெரிசல். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவளிடம் தனியாகச் சொல்லிவிடலாம், அவளும் பெரிய மனத்தோடு விட்டுவிடுவாள், குழுவுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதுதான் என் திட்டம். நேரில் போய் மன்னிப்புக் கேட்பது பெரிய காரியம் என்றும் நினைத்துக்கொண்டேன். பயந்துதான் அவ்வளவு தூரம் போனேன் என்பது திரும்பி வரும்போதுதான் தெரிந்தது.

அவள் அம்மா கதவைத் திறந்தார். அப்போதுதான் கோயில் ஆராதனை முடிந்து வந்திருந்தார்கள். வேதப் புத்தகம் இன்னும் மேசைமேல் இருந்தது. நான் யாரென்று சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்தது.

'நீங்கதானா அந்த ஆண்ட்டி! உள்ள வாங்க, உள்ள வாங்க. பாப்பா உங்களப் பத்தி சொல்லிக்கிட்டே இருக்கும். நீங்க ஒன்னு சொன்னா அது சரியாதான் இருக்கும்னு சொல்லும். நாலு நாளு வேல முடிஞ்சு வந்து உக்காந்து எல்லா கணக்கையும் திரும்பப் போட்டுச்சு. நாந்தான் சொன்னேன், பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்னு. டீ கலக்கட்டா? ரவா கேக்கும் இருக்கு.'

எனக்கு உட்காரவும் முடியவில்லை.

அவள் உள்ளிருந்து வந்தாள். அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டிருந்தாள். அவள் முதலில் பின்னியது, நூற்றுப் பன்னிரண்டு வரிசை. இடுப்பெலும்பின்மேல் சரியாக வந்து உட்கார்ந்திருந்தது. தோளில் ஒரு புடைப்பும் இல்லை. மின்விசிறி குறைவான கோயிலில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தவள். அக்குளில் ஈரத்தின் தடம்கூட இல்லை. என் படிவத்தில் இதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. முழு மதிப்பெண்.

அம்மா அடுப்படிக்குப் போனதும் சொன்னேன். கணவர் கம்பியில் போட்டதையும், கிளிப்பையும், அது எனக்குத் தெரிந்து பத்து நாள் ஆகிறது என்பதையும் சொன்னேன். ஏழாவது வரியையும் சொன்னேன்.

நான் முடித்தபின் அவள் தன் சட்டையின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டே கேட்டாள்.

'அப்ப இருபத்தெட்டு வரிசையும் சும்மாதான் வெட்டுனேனா ஆண்ட்டி?'

'ஆமாம்மா.'

'எனக்கு அப்பவே தெரியும். என் சட்ட இறங்கவே இல்ல. நான் போட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஆனா நீங்க சொன்னதால, என் சட்டையிலதான் ஏதோ தப்பு இருக்குன்னு நெனச்சேன்.' 'என் சட்ட தப்புன்னு குரூப்லதானே ஆண்ட்டி சொன்னீங்க. இங்க வந்து சொன்னா எங்க அம்மாவுக்குக்கூட கேக்கல.'

அம்மா தேநீரோடு வந்தார். 'என்ன, பேசி முடிச்சாச்சா? அடுத்த சட்டைக்கு பாஸ் போட்டுருவீங்கல்ல?' என்று சிரித்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அம்மாவிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை இன்னும் கடினமாக இருந்தது. அம்மாவின் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும், கம்பி என்ற சொல்லில் அல்ல, பத்து நாள் என்ற சொல்லில். கேக்கை என் பக்கம் தள்ளியவர் அதன்பிறகு என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. நானே ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன்.

வண்டியைக் கிளப்புவதற்கு முன், அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்து குழுவில் எழுதினேன். வீடு போய்ச் சேர்ந்தால் எழுதமாட்டேன் என்று பயம். நாட்குறிப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அந்தப் பக்கத்தை ஒன்பது வரிகளும் தெரிகிற மாதிரிப் படம் பிடித்துப் போட்டேன். 'ஏழாவது வரியை மறைத்தது நான். சட்டை கம்பியில் தொங்கியது. முதல் பேட்டர்ன் சரி. என் அறிக்கை தவறு. அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் அவளை அடக்கினேன். எனக்கு இது தெரிந்து பத்து நாள் ஆகிறது' என்று எழுதினேன். ரவாங் தங்கைக்குத் தனியாக, என் சட்டையை எடுத்துவிடச் சொன்னேன்.

நாற்பது பேரும் படித்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. முதலில் புஞ்சாக் ஆலாம் சகோதரிதான் எழுதினார். 'அப்ப நான் தொப்புள் தெரிய நின்னது உங்களாலயா?' அதன்பின், 'பரவால்ல. மேல இருந்து கீழ பின்னுற சட்டதான. விளிம்பப் பிரிச்சுட்டு மிச்ச இருபத்தெட்டு வரிசையும் போட்டுடுறேன். பிரிண்டர நாலு நாள் பொறுக்கச் சொல்லுங்க.'

'தேங்க்ஸ் கா' என்று சுங்கை ஆயர் தாவார் பெண் எழுதினாள். அது அவருக்கு. எனக்குத் தனியாக எதுவும் எழுதவில்லை.

நாலாம் நாள் அறிக்கை வந்தது. பதினான்கு அங்குலம். புடைப்பு இல்லை. பாஸ். என்னுடைய ஒன்பது கேள்விப் படிவத்தைத்தான் பயன்படுத்தியிருந்தார். அடியில் பத்தாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்: 'எங்கே காயவைத்தீர்கள், அப்போது வீட்டில் யார் இருந்தார்கள், அவர்களைக் கேட்டீர்களா?' பலர் சிரித்தார்கள். அந்தக் கேள்வி படிவத்தில் நின்றுவிட்டது. இப்போது எல்லோரும் அதற்குப் பதில் எழுதுகிறார்கள்.

புத்தகம் வந்தது. பத்தாவது பக்கத்தில் பச்சைச் சட்டை இருக்கிறது. அதன்பின் அவள் மேலும் இரண்டு பேட்டர்ன்கள் எழுதியிருக்கிறாள். இரண்டையும் புஞ்சாக் ஆலாமுக்குத்தான் அனுப்பினாள். குழுவில் என்னை இன்னும் அக்கா என்கிறார்கள். இன்ஸ்பெக்டர் என்பதை யாரும் சொல்வதில்லை. அவள் 'ஆண்ட்டி' என்று மரியாதையாகப் பேசுகிறாள். கேள்வி மட்டும் கேட்பதில்லை.

நான் பின்னிய பச்சைச் சட்டை அலமாரியில் மடித்து இருக்கிறது. மறுபடி நனைத்து, பரப்பிக் காயவைத்தால் ஓரளவு ஏறிவிடும். இன்னும் செய்யவில்லை. தோளில் நாலு புடைப்பும் அப்படியே இருக்கின்றன.

என் கணவர் இப்போது ஈரத் துணி எதைத் தொட்டாலும் என்னைக் கேட்கிறார். நேற்று தன் கைலியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு பின்வாசலில் நின்றார். வெளியே நல்ல வெயில்.

'ஏம்மா, இதக் கம்பியில போடலாமா, இல்ல கட்டில்ல படுக்க வைக்கணுமா?'

பாதி கேலிதான். மீதிப் பாதி பயம் என்பதும் அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

'கம்பியில போடுங்க' என்றேன்.